சோறு போட்டுப் பொட்டலம் கொடுத்தவர்

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி ஓலை வேய்ந்த ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. கடைக்காரரை எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்கு ஒரு பெயரும் இருந்தது. அவருடைய பேரன்மார் இன்று தென்காசியில் கௌரவமாகத் தொழில் செய்வதால் அந்தப் பெயரை எழுத எனக்குத் தைரியமில்லை. அவர் சோறு விற்றார், கஞ்சாவும் விற்றார். இரண்டையும் ஒரே கையால்தான் விற்றார்.

வயிறு காலியாக வருகிறவனுக்கு அவர் பொட்டலம் கொடுக்க மாட்டார். வந்தவனை ஏற இறங்கப் பார்த்து, எப்போது சாப்பிட்டாய் என்று கேட்பார். காலையில் என்று பொய் சொன்னால், என்ன சாப்பிட்டாய் என்பார். இட்லி என்றால், எந்தக் கடை, சட்னி எப்படி இருந்தது என்பார். இந்த விசாரணை முடிவதற்குள் பொய் சொன்னவனுக்கு உண்மையிலேயே பசி எடுத்துவிடும். அவர் இலையைப் போட்டுத் தண்ணீர் தெளிப்பார். சோறு, புளிக்குழம்பு, ரசம், மோர், ஏதாவது ஒரு துவையல். சோற்றுக்குக் காசில்லை என்றால் போ என்று விட்டுவிடுவார், பொட்டலத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. இலையில் மீதி வைத்தவனுக்கும் பொட்டலம் கிடையாது. சாரல் காலத்தில் ஊரெல்லாம் காவியும் சடையுமாக வந்து சேருகிற பண்டாரங்கள், கையில் கஞ்சா இழுக்கிற சிலிமை வைத்துக்கொண்டு, அவருக்குப் பயந்து கடைசிப் பருக்கை வரை வழித்துத் தின்பதை நான் பார்த்திருக்கிறேன்.

"வெறும் வயித்துல இழுத்தாம்னா மண்டைக்கு ஏறும். சோத்துக்கு மேல இழுத்தாம்னா தூங்கிருவான். அருவிப் பக்கம் போக மாட்டான்" என்பார். முன்பு ஒரு பண்டாரம் பட்டினியோடு இழுத்துவிட்டு வெள்ளம் வந்த நேரத்தில் அருவிக்கடியில் போய் நின்றுகொண்டானாம். கூப்பிட்டும் வரவில்லையாம். கதையை முடிக்கும்போது, அவன் என்னிடம் வாங்கியவன் இல்லை, வாங்கியிருந்தால் சாப்பிட்டிருப்பான் என்று மறக்காமல் சேர்த்துக்கொள்வார். அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கும். அவரை நல்லவர் என்பதா கெட்டவர் என்பதா என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். படித்தவர்களைக் கேட்டுப் பார்த்தேன். அவர்களும் யோசித்துச் சொல்கிறேன் என்றுதான் சொன்னார்கள்.

அவர் கஞ்சா குடித்ததில்லை. பீடிகூடக் கிடையாது. குட்டையான ஆள், மொட்டைத் தலை, தோளில் எப்போதும் ஈரத் துண்டு. பகலில் கடையில் இருக்கிற அத்தனை பேரும் சாப்பிட்ட பிறகே அவர் சாப்பிடுவார், அதுவும் அடுப்பங்கரையில் நின்றபடி. ஒருவன் பசியோடு உட்கார்ந்திருந்தாலும் அவருக்குச் சோற்றில் கை போகாது. பின்னாளில் ஒரு சாரல் சமயம் ஜீப் வந்து அவரைப் பிடித்துப்போனபோதுகூட, வந்தவர்கள் முதலில் சாப்பிட்டார்கள், பிறகுதான் கைது செய்தார்கள் என்று ஊரில் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. ஆனால் நம்புகிறேன், ஏனென்றால் நானே அவரோடு சண்டை போடப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியவன்.

செங்கோட்டை நம் மாகாணத்தோடு வந்து சேர்ந்த காலத்தை ஒட்டிய கதை இது. எனக்குப் பாவூர்சத்திரம் சந்தையில் வேலை. சாரல் தொடங்கினால் குற்றாலத்து ஓட்டல்களுக்குக் கத்திரிக்காயும் வெண்டைக்காயும் கூடை கூடையாகப் போகும். அவற்றைப் பஸ் மேல் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, காலிக் கூடைகளோடு திரும்ப வேண்டும். யாரோடும் அதிகம் பேச வேண்டியிராத வேலை என்பதாலேயே அதில் நிலைத்தேன். எனக்குக் கூச்ச சுபாவம். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த ஊரில் இறங்கி நடந்து வந்திருக்கிறேன்.

என் அக்காவின் புருஷன் வெள்ளையடிக்கிறவர். சாரலுக்கு முன்னால் குற்றாலத்துப் பங்களாக்களுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிப்பார்கள். அந்த வேலைக்குப் போனவர் அண்ணாச்சியின் கடையில் சாப்பிட ஆரம்பித்தார். சாப்பாட்டுக்குப் பின்னால் கொடுக்கப்படுவது என்ன என்று பார்க்க ஆசைப்பட்டார். பிறகு வீட்டுக்கு வரவில்லை. அடித்த சுவரையே மறுபடியும் மறுபடியும் அடித்தாராம். பங்களாக்காரருக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கிறது. அப்புறம் அத்தான் அடிப்பதையும் விட்டுவிட்டுச் சுவர் காய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவே, வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். அத்தான் அண்ணாச்சியின் கடைக்குப் பின்னால் ஒரு சாக்கை விரித்துக் குடியேறிவிட்டார்.

அக்கா பீடி சுற்றுகிறவள். கையில் ஒரு பெண் குழந்தை. நீதான் தினமும் அங்கே போகிறாயே, இனிமேல் அத்தானுக்குக் கொடுக்க வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வா என்றாள்.

ஒரு வார்த்தைதான். அதைப் பஸ்ஸில் மனதுக்குள் பலவிதமாகச் சொல்லிப் பார்த்தேன். கோபமாக ஒரு தரம், கெஞ்சலாக ஒரு தரம். தென்காசி தாண்டும்போது நன்றாகவே வந்துவிட்டது. கடைக்குள் நுழைந்ததும் அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்து, சாப்பிட்டாயா என்றார். இல்லை என்று தலையாட்டினேன். உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் வைத்தார். சாப்பிட்ட பிறகு ஒருவரோடு எப்படிச் சண்டை போடுவது? அடுத்த முறை சாப்பிட்டுவிட்டே போனேன். சட்னியைப் பற்றி விசாரித்தார். எனக்கு மறந்துவிட்டது. மறுபடி இலை. இன்னொரு நாள் இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே துணிந்து, "அண்ணாச்சி" என்று வாயைத் திறந்துவிட்டேன். அவர் கரண்டியோடு திரும்பிப் பார்த்தார். "கொஞ்சம் ரசம்" என்றேன். வீட்டுக்குப் போய் அக்காவிடம், பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது என்று சொன்னேன்.

மலையில் விறகுக்குப் போகிறவர்கள் கட்டுக்குள் வைத்துக் கஞ்சாவை அவருக்குக் கொண்டுவருவார்கள். அது அங்கிருந்து தென்காசிக்கும் பாவூர்சத்திரத்துக்கும் எப்படிப் போகிறது என்று யோசித்ததுண்டு. மதுவிலக்குக் காலம், தென்காசி பஸ் ஸ்டாண்டில் போலீஸ்காரர்கள் சாராயம் தேடி மூட்டைகளைக் கிளறுவார்கள். ஒருநாள் ஒருவர் என்னைக் கீழே இறக்கிப் பெயர் கேட்டார். எனக்கு வியர்த்துக் கொட்டியது. சொந்தப் பெயர் சமயத்துக்கு வரவில்லை. இத்தனை பயந்தவனிடம் ஏதோ இருக்கிறது என்று வேட்டி மடிப்பு, தலைப்பாகை எல்லாம் தடவிப் பார்த்துவிட்டு அலுத்துப்போய் அனுப்பினார். பஸ் மேல் இருந்த காலிக் கூடைகளை யாரும் தொடவில்லை. பாவூர்சத்திரத்தில் கூடைகளை இறக்கியபோது முன்பின் தெரியாத ஒருவன் வந்து, அடிக்கூடையில் இருந்த வாழையிலைச் சருகை விலக்கி, ஒரு பொதியை எடுத்துக்கொண்டு, அண்ணாச்சி சொன்னாவ என்று சொல்லிவிட்டு நடந்தான். கஞ்சாவை நிறுத்தச் சொல்லிப் போய்க்கொண்டிருந்த நான்தான் அதை ஊருக்குச் சுமந்து வந்துகொண்டிருந்தேன் என்பது அப்போது விளங்கியது.

அடுத்த நாள் எனக்கு உண்மையாகவே கோபம். குற்றாலத்தில் காயை இறக்கியதும் காலிக் கூடைகளையெல்லாம் கவிழ்த்துக் கட்டி, வழக்கம்போல அண்ணாச்சி கடை வாசலில் கொண்டுபோய் வைத்தேன். அதற்கு மேல் கோபப்பட எனக்குத் தெரியாது. அண்ணாச்சி கூடைகளையும் என்னையும் பார்த்துச் சிரித்தார்.

"கோவமாலே? கோவத்தக்கூடக் கவுத்து வச்சுத்தான் காட்டுத" என்றார். பிறகு இலை போட்டார். கூடைகளில் அதற்கப்புறம் எதுவும் வைக்கவில்லை.

என்னுடைய பேச்சுவார்த்தை முன்னேறாததைக் கண்டு அக்காவே கிளம்பினாள். குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, பீடித் தட்டைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, காலைப் பஸ்ஸில் என்னோடு வந்தாள். கடையில் நுழைந்ததும் புருஷன் எங்கே என்று கேட்டாள். பின்னால் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறான், நீயும் உட்கார் தாயி என்று அண்ணாச்சி இலையை விரித்தார்.

"எனக்கு வேண்டாம்."

"பஸ்ல வந்திருக்க. பசிக்கும்லா."

"பசிக்கத்தான் செய்யுது. எம் புருசனுக்கு இனி குடுக்க மாட்டேன்னு சொல்லுங்க, சாப்பிடுதேன்."

அண்ணாச்சி சிரித்துக்கொண்டே வேறு ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். அக்கா இலையைச் சற்று ஒதுக்கிவிட்டு, அதன் பக்கத்தில் தட்டை வைத்து, பீடி சுற்ற ஆரம்பித்தாள். பீடி இலையை வெட்டுவாள், தூளை நிரப்புவாள், உருட்டுவாள், நூலால் கட்டுவாள். சாப்பிட வந்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். மத்தியானம் வந்தது. அண்ணாச்சி மோராவது குடி என்றார். அவள் தலையை நிமிர்த்தவில்லை. கூட்டமெல்லாம் சாப்பிட்டுப் போன பிறகு அவர் அடுப்பங்கரைக்குப் போனார், சோற்றுப் பானையைத் திறந்தார், திரும்பி அவளைப் பார்த்தார், பானையை மூடினார். அக்காவுக்கு அவருடைய இந்தப் பழக்கம் தெரியும். நான்தான் சொல்லியிருந்தேன். பேச்சுவார்த்தையில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அது.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் அவருக்குப் பொறுக்கவில்லை.

"நீயும் இலையிலதான தாயி பொழைக்க. நீ சுத்துததும் புகைதான், நான் மடிக்கதும் புகைதான்."

"எம் பீடியக் குடிச்சவன் எவனும் பொண்டாட்டி பிள்ளைய மறந்துட்டுச் சாக்குல கெடக்கலியே அண்ணாச்சி."

அக்கா கடைசிப் பஸ்ஸில் ஊருக்குத் திரும்பி, மறுநாள் காலைப் பஸ்ஸிலேயே வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள். வீட்டில் ஏதாவது குடித்தாளா என்று அண்ணாச்சி என்னைத் தனியே அழைத்துக் கேட்டார். இல்லை என்றேன். இல்லைதான். அவருடைய உதடும் காய்ந்திருந்தது. இப்படி இரண்டு பேர் பட்டினி கிடக்க, நடுவில் ஒரு இலையில் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். யாராவது ஒருவராவது சாப்பிட்டால்தான் அவர் மனம் ஆறும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்று குளத்து மீன் குழம்பு.

மத்தியானம் தாண்டியதும் அவர் ஒரு தட்டில் சோற்றைப் போட்டு எடுத்துவந்து, அவள் முன்னால் குந்தி, அந்தச் சோற்றின் மேல் கையை வைத்தார். இனி உன் புருஷனுக்கு என் கையால் பொட்டலம் கிடையாது என்றார். அத்தானை இப்போதே ஊருக்குக் கூட்டிப்போனால் சந்தைப் பக்கம் எவனிடமாவது வாங்கிவிடுவான், இங்கே என்னை மீறி எவனும் கொடுக்க மாட்டான், சாரல் முடிகிற மட்டும் என் கண் பார்வையில் இருக்கட்டும் என்றும் சொன்னார். நியாயமாகத்தான் பட்டது. அக்கா அந்தச் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டாள். அதன் பிறகு அவரும் நின்றபடி சாப்பிட்டார்.

வாக்குக் கொடுத்தபடி பொட்டலத்தை நிறுத்தினார். அத்தான் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். அவர் தூங்கவில்லை, இலையைப் போட்டால் தள்ளிவிட்டார், எரிந்து விழுந்தார். நான் காய் கொண்டுபோகும்போதெல்லாம் அண்ணாச்சி முதலில் இந்தச் செய்தியைத்தான் சொல்வார். நேற்றும் தின்னவில்லை, இன்றைக்குத் தண்ணீர் மட்டும் குடித்தான். சொல்லச் சொல்ல அவர் முகம் சுண்டிப்போகும். பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டவர் மாதிரி அலைந்தார். பிறகு ஒருநாள் வாசலிலேயே என்னை நிறுத்தி, இப்பம் சாப்பிடுதான்லே என்றார். அன்று அவரும் சிரித்தார், ஊருக்கு வந்து சொன்னபோது அக்காவும் சிரித்தாள்.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம் அத்தானுக்குப் பக்கத்தில் எனக்கு இலை விழுந்தது. அண்ணாச்சி கிணற்றடிக்குப் போயிருந்தார். அத்தானின் இலையில் மட்டும் பச்சையாக ஒரு துவையல் இருந்தது. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்த அத்தான், எனக்கென்று தனியாக அரைத்துத் தருகிறார், நன்றாக இருக்கும் என்று பாதியை என் இலையில் தள்ளினார். கசப்பாகத்தான் இருந்தது. நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து முழுவதையும் தின்றேன்.

பஸ் தென்காசியைத் தாண்டியபோது எனக்கு எல்லார் மேலும் பிரியம் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவரிடம் கத்திரிக்காய் விலையைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். அவர் இறங்கிப்போன பிறகும் அந்த இடத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன். பிறகு எழுந்து நின்று, இத்தனை நாளும் மனப்பாடம் செய்து வைத்திருந்ததையெல்லாம் கண்டக்டரைப் பார்த்து ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். எங்கள் அத்தானுக்கு இனிமேல் கொடுக்காதீர்கள், அக்கா பாவம், குழந்தை பாவம் என்று கைகூப்பி அழுதேன். கண்டக்டர், தான் டிக்கெட் மட்டும்தான் கொடுப்பதாகச் சொன்னார். பஸ் சிரித்தது, நானும் சிரித்தேன். என் வாழ்க்கையில் கூச்சமில்லாமல் நான் செய்த ஒரே பிரசங்கம் அது. அன்றைக்குப் பேசியதை நினைத்து, இப்போதும் அந்தத் தடத்தில் பஸ் ஏறினால் நான் முகத்தைத் துண்டால் மூடிக்கொள்கிறேன்.

வீட்டுக்குள் பாடிக்கொண்டே வந்த என்னை அக்கா சுவரோடு சாய்த்து உட்காரவைத்துக் கண்ணைப் பார்த்தாள். என்ன தின்றாய் என்றாள். வரிசையாகச் சொன்னேன். அத்தானுக்கென்று அரைத்த துவையல் என்று சொன்னதும் அவள் கை என் தோளிலிருந்து நழுவியது.

மறுநாள் காலையில் அவள் பீடித் தட்டை எடுக்காமல் வந்தாள். என் தலை இன்னும் முழுதாகத் தெளியவில்லை, வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணாச்சி எதையும் மறுக்கவில்லை.

"ஒரு பருக்க உள்ள போகல தாயி. நான் எத்தன நாள்தான் பாத்துக்கிட்டு இருக்க? கொஞ்சூண்டு அரச்சு வச்சேன், தின்னான். காசுக்குச் செய்யல."

"காசுக்குச் செஞ்சிருந்தா ஏசிட்டுப் போயிருப்பேன்" என்றாள் அக்கா. அவள் குரல் உயரவில்லை. "எம் புருசன் பட்டினி கெடந்தா நான் பக்கத்துல இருந்து பாத்துக்கிடுதேன். அது ஒங்களுக்கு முடியாது அண்ணாச்சி."

சாக்கில் கிடந்த அத்தானை எழுப்பி, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு நடந்தாள். வழியில் சாப்பிட என்று அண்ணாச்சி ஓடிவந்து ஒரு சோற்றுப் பொதியை நீட்டினார். வாங்க அவள் கையை நீட்டவில்லை. நான் பழக்கத்தில் நீட்டிவிட்டேன். அக்கா பார்த்த பார்வையில் மடக்கிக்கொண்டேன்.

வீட்டில் அத்தான் பட்ட பாட்டையும் படுத்திய பாட்டையும் எழுத எனக்கு வராது. அக்கா வேளைக்கு ஒரு கும்பாவில் கஞ்சியை அவர் முன்னால் வைப்பாள். குடி என்று ஒருதடவைகூடச் சொல்ல மாட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து தன் கஞ்சியைக் குடிப்பாள், ஆறிப்போன அவருடையதை எடுத்துப் போவாள். அவர் கும்பாவை எறிந்தால் துடைத்துவிட்டு அடுத்த வேளைக்கு மறுபடி வைப்பாள். எலும்பும் தோலுமாக ஆகிவிட்டார். கொன்றுவிடுவாள் என்று தெருவில் பேசினார்கள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அக்காவிடம் சொல்லத்தான் துணிச்சல் இல்லை.

அந்த நாட்களில் அண்ணாச்சி பாவூர்சத்திரத்துக்கு வந்தார். கடையை விட்டு அவர் வெளியூர் போய் நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு வர அவருக்கு முகமில்லை. சந்தைக்கு எதிரில் பஸ் நிற்கிற இடத்தில் ஈரத் துண்டோடு நின்று, என்னைக் கண்டதும், ஏதாவது சாப்பிட்டானா என்று கேட்பார். இல்லை என்று தலையை ஆட்டுவேன். அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போய்விடுவார். மறுபடி வருவார். நான் மறுபடி தலையை ஆட்டுவேன்.

ஒருநாள் காலை தலையை வேறு மாதிரி ஆட்டினேன்.

"சாப்பிட்டானா? என்னது?"

"கஞ்சி. நேத்துச் சாயந்திரம்."

"தொட்டுக்கிட?"

"சுட்ட வத்தல்."

"அதுல ஒண்ணும் வைக்கலியே?"

"இல்ல அண்ணாச்சி."

"ஒங்க அக்கா ஊட்டி விட்டாளோ?"

"இல்ல. அவரே பசிக்குன்னாரு. கேட்டு வாங்கிக் குடிச்சாரு."

அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். முதலில் படத்தான் செய்தார். நல்லது, நல்லது என்றார். பிறகு துண்டைத் தோளிலிருந்து எடுத்துப் பிழிந்தார். அதில் தண்ணீர் இல்லை. கூடைகள் போகிற வழியில் நிற்கிறோம் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. நான்தான் அவரை ஓரமாக இழுத்தேன்.

"கேட்டா வாங்கினான்" என்று மெதுவாகச் சொன்னார். "எங் கடையில ஒருத்தனும் சோறு கேட்டதில்லலே. நாந்தான் போட்டேன். அவனுவ பொட்டலத்துக்காகத் தின்னானுவ."

நான் அவருக்கு ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். ஆமாம் என்றோ, அப்படியில்லை என்றோ. கடையை மூடிவிடுங்கள் என்றுகூடச் சொல்லியிருக்கலாம், அந்த நேரத்தில் கேட்டிருப்பாரோ என்னவோ. தென்காசிப் பஸ் வந்தது. ஏறினார், ஜன்னலோரம் உட்கார்ந்து என்னையே பார்த்தார். பஸ் நகர்ந்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

"போயிட்டு வாங்க அண்ணாச்சி" என்றேன்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் பீடிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"இனி இந்தப் பக்கம் வராதியன்னுல்லா சொல்லணும். போயிட்டு வாங்கன்னா சொன்ன? ஒனக்கு வாய் இருந்தென்ன, இல்லாட்டி என்னலே..." என்று அவள் ஆரம்பித்தபோது, உள்ளேயிருந்து அத்தான், நேற்று வைத்த மாதிரி கஞ்சி இருக்கிறதா என்று கேட்டார். அக்கா தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். பீடித் தூள் காற்றில் பறந்துவிடாமல் நான் தட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.